இலங்கை அரச வானொலிக்கு அலைவரிசையை யார் கொடுப்பது, ஏலம் எடுக்க வேண்டுமா?

ஏலம் கிடையாது. ஆனால் சும்மா பிடித்துக்கொள்ளவும் முடியாது.

முதலில் ஐ.நா.வின் கீழுள்ள சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் எந்த அலைவரிசைப் பட்டை எதற்கென்று பிரிக்கிறது. ஆசியப் பக்கம் பண்பலை (எப்.எம்.) 108 மெகாஹெர்ட்ஸோடு முடியும், அதற்கு மேல் விமானங்களின் வழிகாட்டல் கருவிகள் இருப்பதால் யாரும் கை வைக்க முடியாது. மத்திய அலைக்கு (மீடியம் வேவ்) 1975 ஜெனீவாத் திட்டம், அலைவரிசைகளுக்கிடையே 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி. அப்படியிருந்தும் இரவில் மட்டக்களப்பின் கல்லடிக் கரையில் ரேடியோவைத் திருகினால் தமிழ்நாட்டு நிலையங்கள் வந்து விழும். இரவில் அந்த அலைகளைத் தூரத்துக்குத் திருப்பியனுப்பும் மேல்வளியின் அயனமண்டலம் எல்லை பார்ப்பதில்லையே!

அப்புறம் நாட்டுக்குள். இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் 1966ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது, ஒலிபரப்பும் உரிமை அதிலேயே இருக்கிறது. தனியார் அதே சட்டத்தின் கீழ் அமைச்சரிடம் உரிமம் வாங்க வேண்டும். அலைவரிசையைப் பகிர்வது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. கோபுரம் எங்கே, எவ்வளவு உயரம், எத்தனை வாட் என்பதெல்லாம் சேர்ந்துதான் ஒதுக்கீடு. பண்பலை ஏறக்குறைய கண்ணுக்கெட்டும் தூரம்தான் போகும், அதனால் அம்பாறைப் பக்கம் கூட்டுத்தாபனத்தின் பிராந்திய வானொலியான பிறை எப்.எம். பாவிக்கும் அலைவரிசையைத் தொலைவிலுள்ள இன்னொரு மாவட்டத்தில் வேறொருவருக்குக் கொடுக்கலாம்.

1997இல் ஒலிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலத்தை ஆராய்ந்த உயர் நீதிமன்றம், அலைவரிசைகள் மக்களின் சொத்து, அரசாங்கம் அதற்குப் பொறுப்பாளர் மட்டுமே என்றது. ஆகவே நம் பகுதிக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள் என்று ஆணைக்குழுவிடம் தகவல் அறியும் சட்டத்தில் தாராளமாகக் கேளுங்கள், தமிழிலேயே எழுதலாம்.