பிபிசியின் அறிவியல் புனைகதைத் தொலைக்காட்சித் தொடரான டாக்டர் ஹூவில் 1966-ஐ ஏன் இவ்வளவு முக்கியமாகச் சொல்கிறார்கள்?

நாயகனையே மாற்றிவிட்டும் தொடரை ஓட்டலாம் என்று பிபிசி காட்டிய ஆண்டு அது. நாயகன் 'டாக்டர்' வேடத்தில் நடித்த, உடல்நலம் குன்றியிருந்த வில்லியம் ஹார்ட்னெல் விலக, அக்டோபர் 29 அன்று ஒளிபரப்பான 'தி டென்த் பிளானட்' கதையின் நான்காம் பகுதியின் முடிவில் அவர் முகம் புதிய நடிகர் பேட்ரிக் ட்ரௌட்டன் முகமானது. கணினி வித்தையெல்லாம் இல்லை. காட்சிகளைக் கலக்கும் மிக்ஸிங் மேசை பழுதாகிப் படத்தை வெளிற வைக்க, அந்த வெளிச்சத்துக்குள்ளேயே இரு முகங்களையும் கலந்தார்கள். அடுத்த கதையில் டாக்டரின் பழைய மோதிரம் புதிய விரலில் நிற்காமல் கழன்று விழும். வசனத்தை விட இது அழகு! இப்படி உருமாறுவதற்கான 'ரீஜெனரேஷன்' என்ற சொல்லே 1974-இல்தான் வந்தது. தொடரின் புகழ்பெற்ற வில்லன்களான, பாதி இயந்திர மனிதர்களான சைபர்மென் அறிமுகமும் 'டென்த் பிளானட்'டில்தான்.

அந்த நான்காம் பகுதியைத் தேடாதீர்கள், முழுதாகக் கிடைக்காது. பிபிசி அந்நாளில் டேப்புகளை அழித்து மறுபடி பயன்படுத்தியது. முகம் மாறும் சில வினாடிகள் 'ப்ளூ பீட்டர்' என்ற பிபிசி சிறுவர் நிகழ்ச்சியில் காட்டப்பட்டதால் தப்பின.