நரம்பு பாதிக்கப்பட்டவர் எப்படி வழக்கம்போல் நடக்கிறார்?

சர்க்கரை நோயுள்ள உங்கள் தாயாரின் உள்ளங்காலில் கண்ணாடித் துண்டு ஏறியும் வலிக்கவில்லை, ஆனால் நடை மாறவில்லை, அப்படியானால் மருத்துவர் சொல்லும் நரம்புப் பாதிப்பு உண்மைதானா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மையாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. நான் மருத்துவர் அல்லேன். கடலூரில் மேல்நிலை மாணவர்களுக்கு விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவள். ஆயினும் என் தந்தையாரின் கால்களை ஆண்டுக்கணக்கில் கவனித்துக்கொண்டவள் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

காலுக்குச் செல்லும் நரம்பு என்பது வெவ்வேறு வேலை செய்யும் எண்ணற்ற இழைகளின் கட்டு. தசைகளை இயக்கும் இழைகள் தடித்தவை, மயலின் என்னும் கொழுப்பு உறை போர்த்தவை. சூட்டையும் வலியையும் உணர்த்துபவை மிக மெல்லியவை. அவற்றுள் உறையே இல்லாத சி வகை இழைகளில் செய்தி நொடிக்கு ஏறத்தாழ 2 மீட்டருக்கு மேல் ஓடுவதில்லை. பலருக்கு இந்த மெல்லிய இழைகள்தாம் முதலில் கெடுகின்றன. தசைகளை இயக்கும் இழைகள் பிழைத்திருப்பதால் நடை மாறுவதில்லை, வீட்டாருக்கும் ஐயம் எழுவதில்லை.

என் தந்தையார் மாசி மகத்தன்று தேவனாம்பட்டினத்துக் கடற்கரையில் உச்சிவெயிலில் வெறுங்காலுடன் சாமி பார்த்துவிட்டு வந்து, மணலின் சூடே தெரியவில்லை, எல்லாம் அவன் அருள் என்று மனம் நிறைந்து சொன்னார். மாலையில் கால் கழுவும்போதுதான் இரு பாதங்களிலும் கொப்புளங்கள் இருப்பதை அம்மா பார்த்தார். சுடுமணலில் கால் பட்டால், மூளை உணரும் முன்பே தண்டுவடம் காலை இழுத்துக்கொள்ளச் செய்யும். அவருக்கோ தண்டுவடத்திற்கு அந்தச் செய்தியே போய்ச் சேரவில்லை. நேர்த்திக்கடனைக் குறை கூறுகிறேன் என்று எவரும் எண்ண வேண்டாம். எனக்கும் அதில் நம்பிக்கை உண்டு.

பாதம் முதலில் பாதிக்கப்படுவதற்கும் காரணம் உண்டு. பெருவிரல் வரை நீளும் உணர்விழையின் செல் உடலம் கீழ்முதுகில், முதுகெலும்பை ஒட்டி இருக்கிறது. அங்கு உருவாகும் புரதங்கள் ஏறத்தாழ ஒரு மீட்டர் கடந்து விரல் நுனியை அடைய வேண்டும். மிகுந்த சர்க்கரை இழையையும், அதற்கு உணவூட்டும் நுண்ணிய இரத்தக் குழாய்களையும் ஒருசேரக் கெடுக்கும்போது மிக நீண்ட இழையே முதலில் தளர்கிறது. வியர்வையைத் தூண்டும் இழைகளும் கெடுவதால் தோல் வறண்டு, பித்தவெடிப்பின் வழியே கிருமி புகுகிறது.

தந்தையார் மாதந்தோறும் சென்ற மருத்துவமனையில் சர்க்கரை அளவை மட்டும் பார்த்து மாத்திரை எழுதினார்களேயன்றி, செருப்பைக் கழற்றுங்கள் என்று ஒருமுறைகூடச் சொன்னதில்லை என்பது எனக்கு இன்றும் ஆற்றாமை. 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையையும் 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையையும் வைத்துப் பாத உணர்வைச் சோதிக்கச் சில நிமிடங்கள் போதும். உங்கள் தாயாருக்கு அதைச் செய்யுமாறு நீங்களே கேளுங்கள். அவர் வெந்நீரில் கால் வைக்கும் முன் நீங்கள் முழங்கையால் சூடு பாருங்கள். கண்ணாடி ஏறிய இடத்தில் துணுக்கு ஏதும் தங்கியிருக்கிறதா என்று நாளையே காட்டிவிடுங்கள். வலி வந்தால் போகலாம் என்று காத்திருக்க வேண்டாம்.