தனியாக இருக்கும் அம்மாவின் நாள் வழக்கம்போல் இருக்கிறதா? சென்சார் கணக்கில் எதைப் பார்ப்பது

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 71. தென்காசியில் தனியாக இருக்கிறார். நான் பெங்களூரில் வேலை பார்க்கிறேன். அவர் கையில் கட்டியிருக்கும் ஸ்மார்ட் வாட்ச், வாசல் கதவு சென்சார், போன் மூன்றிலிருந்தும் மூன்று மாத டேட்டாவை எக்செல்லில் சேர்த்து வைத்திருக்கிறேன். சராசரியிலிருந்து திட்டவிலக்கத்தைப் (எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு) போல் இரண்டு மடங்கு விலகினால் எனக்கு மெசேஜ் வரும்படி செய்தேன். வாட்சைக் கழற்றி வைத்தாலே மெசேஜ் வந்துவிடுகிறது. ஆனால் அவர் காய்ச்சலில் சுருண்டு படுத்திருந்த நாளில் வரவே இல்லை. மெஷின் லேர்னிங் படித்தால்தான் இது சரியாகுமா?

பதில்: அது தேவையில்லை. ஒரே ஒருவரின் மூன்று மாதக் கணக்குக்கு எக்செல்லே தாராளம். பிழை, நீங்கள் சராசரியை நம்பியதில்தான் இருக்கிறது.

காய்ச்சல் நாள் ஏன் தப்பியது என்பதை ஒரு சின்னக் கணக்கில் பார்ப்போம். ஏழு செவ்வாய்க்கிழமைகளின் காலடி எண்ணிக்கை இப்படி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்: 2100, 2400, 1900, 2250, 2300, 5200, 2150. அந்த 5200 ஏதோ கோயில் திருவிழா அன்று நடந்தது. சராசரி 2614. திட்டவிலக்கம் 1150-ஐ ஒட்டி வரும். இந்த வாரம் அம்மா 900 அடிதான் நடந்திருக்கிறார். விலகல் ஒன்றரை மடங்குதான். உங்கள் இரண்டு மடங்கு எல்லையைத் தொடவில்லை. என்றோ ஒரு நாள் அதிகம் நடந்தது, இன்று நடக்காமல் கிடப்பதை மறைத்துவிட்டது.

அதே எண்களை வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை எடுங்கள். 2250. இதுதான் இடைநிலை. ஒவ்வொரு நாளும் இதிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று கழித்துப் பார்த்து, அந்த வித்தியாசங்களுக்கும் இடைநிலை எடுத்தால் 150 வரும். அதை 1.4826 ஆல் பெருக்க வேண்டும். திட்டவிலக்கத்தோடு ஒப்பிடக்கூடிய அளவாக மாற்றுவதற்கான பெருக்கு எண் அது. கிடைப்பது சுமார் 222. இப்போது 900 என்பது ஆறு மடங்கு விலகல். 3.5 மடங்கைத் தாண்டினால் கவனிக்கலாம் என்பது புள்ளியியலில் பலரும் வைத்துக்கொள்ளும் எல்லை. திருவிழா நாளால் இந்தக் கணக்கைக் கெடுக்க முடியாது.

செவ்வாயைச் செவ்வாயோடு ஒப்பிட்டதைக் கவனித்திருப்பீர்கள். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிறவருக்கு வெள்ளி ஒரு மாதிரி, மற்ற நாள் வேறு மாதிரி. எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்தால் வழக்கம் என்பதே தெளிவில்லாமல் போய்விடும். அதற்காக ஏழு கிழமைக்கும் தனித்தனிக் கணக்கு வைத்தால் மூன்று மாத டேட்டாவில் ஒவ்வொன்றுக்கும் பதின்மூன்று நாள்தான் தேறும். வெளியே போகும் கிழமைகள், வீட்டில் இருக்கும் கிழமைகள் என்று இரண்டாகப் பிரித்தால் போதும்.

அடுத்து, வாட்சைக் கழற்றி வைத்தாலே மெசேஜ் வரும் தொல்லை. இந்த மாதிரி ஏற்பாடுகள் பெரும்பாலும் கெட்டுப்போவது இங்கேதான். குளிக்கக் கழற்றியதை மறுபடி கட்ட மறந்திருப்பார். கரண்ட் போனால் வைஃபை போய்விடும். கதவு சென்சாரும் பேசாது. பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் என்று போனே ஆப்பைப் பின்னணியில் நிறுத்திவிடும். இதெல்லாம் உங்கள் எக்செல்லில் பூஜ்யமாக வந்து விழுகிறது. பூஜ்யம் வேறு, தெரியவில்லை என்பது வேறு. ஒவ்வொரு மணி நேரத்துக்கும் "அசைந்தார்", "அசையவில்லை", "தெரியவில்லை" என்று மூன்றில் ஒன்றைப் போடுங்கள். வாட்சில் இதயத் துடிப்பு பதிவாகியிருந்தால் கையில் இருக்கிறது என்று அர்த்தம். அப்போது காலடி பூஜ்யமாக இருந்தால் நம்பலாம். துடிப்பே இல்லையென்றால் அந்த மணி நேரம் "தெரியவில்லை". போனின் காலடிக் கணக்கை விட்டே விடுங்கள். சேலை கட்டுகிறவருக்குப் பாக்கெட் ஏது? போன் பாதி நாள் டிவி பக்கத்தில்தான் கிடக்கும்.

இதையெல்லாம்விட முக்கியமான ஒன்று. நாள் முழுவதும் எத்தனை அடி என்பது இரவில்தான் தெரியும். காலையில் குளியலறையில் விழுந்திருந்தால் இரவு வரும் மெசேஜால் என்ன பயன்? எனக்கு மிகவும் பிடித்த அளவு, காலையில் முதல் அசைவு எத்தனை மணிக்கு என்பதுதான். வயதானவர்கள் பலருக்கு நாளில் வேறு எதுவும் இவ்வளவு ஒழுங்காக இருப்பதில்லை. ஜப்பானில் ஜோஜிருஷி நிறுவனம் 2001-லேயே இதை வைத்து ஒரு சேவை தொடங்கியது. தனியாக இருக்கும் முதியவர் தேநீருக்கு மின்கெட்டிலைப் பயன்படுத்தும் நேரம் பிள்ளைகளுக்கு மின்னஞ்சலில் போய்ச் சேரும். நம் வீட்டில் காப்பி கேஸ் அடுப்பில் போடுகிறோம். ஆனால் பால் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தாக வேண்டுமே! வாசல் கதவில் இருப்பது போன்ற இன்னொரு காந்த சென்சாரை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். கையில் கட்டவும் வேண்டாம், கழற்றி வைத்துவிட்டு மறக்கவும் வழியில்லை.

இதில் ஒரு எச்சரிக்கை. தினமும் 5:10, 5:15 என்று எழுந்திருப்பவருக்கு விலகலின் இடைநிலை ஐந்து நிமிடம்தான் வரும். அப்போது அரை மணி கூடுதலாகத் தூங்கினாலே எல்லை தாண்டிவிடும். அதனால் கணக்கு என்ன சொன்னாலும் 45 நிமிடத்துக்குக் குறைவான தாமதத்துக்கு மெசேஜ் வேண்டாம் என்று ஒரு குறைந்தபட்ச எல்லை வைத்துவிடுங்கள். தூங்கப் போகும் நேரத்தையும் பார்ப்பதாக இருந்தால் ஒரு நாளின் கணக்கை நள்ளிரவில் முடிக்காதீர்கள். இரவு 11:50, 12:10 இரண்டுக்கும் சராசரி எடுத்தால் நண்பகல் 12 மணி என்று வரும். நாள் அதிகாலை 3 மணிக்குத் தொடங்குவதாக வைத்துக்கொண்டால் தொல்லை இல்லை.

சரி, எத்தனை அளவுகளைக் கண்காணிப்பது? ஆசைக்குப் பத்தும் போடலாம், போடாதீர்கள். ஓர் அளவு நூறு நாளில் ஒரு முறை சும்மா அலறும் என்றால், ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஆறு அளவுகள் சேர்ந்து ஆண்டுக்கு 21 நாள் அலறும். நாலாவது தடவை நீங்களே பார்க்காமல் தள்ளிவிடுவீர்கள். முதல் அசைவு, பகலில் ஃப்ரிட்ஜ் திறந்த எண்ணிக்கை, காலடி என்று மூன்று போதும்.

அப்புறம், மெல்ல மெல்ல வரும் மாற்றம். முட்டிவலியால் வாரத்துக்கு ஐம்பது அடி குறைந்தால் எந்த ஒரு நாளும் விசித்திரமாகத் தெரியாது. உங்கள் இடைநிலையும் கூடவே இறங்கிக்கொண்டே போகும். எனவே இந்த மூன்று மாதக் கணக்கைத் தனியாகப் பூட்டி வைத்து, மாதக் கடைசியில் அந்த மாத இடைநிலையை அதோடு ஒப்பிடுங்கள். மருத்துவரிடம் காட்ட உதவுவது இந்த எண்தான்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். எதைப் பார்க்கிறீர்கள், எதைப் பார்க்கவில்லை என்று விளக்கி, அவர் வேண்டாம் என்று சொல்லும் சென்சாரைக் கழற்றிவிடுங்கள். கேமரா பக்கமே போகாதீர்கள். அவர் வெளியூர் போகும் நாள்களைக் குறித்துவைக்க எக்செல்லில் ஒரு தனி நெடுவரிசை இருக்கட்டும்.

மெசேஜ் வந்தால் என்ன செய்வது என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். முதலில் அம்மாவுக்கு போன். பத்து நிமிடத்தில் எடுக்காவிட்டால் சாவி வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கு. விசாரித்ததில் தெரிந்த காரணத்தை அந்த நாளுக்கு எதிரே எழுதிவையுங்கள்: தூங்கிவிட்டார், விரதம், ஊருக்குப் போனார், காய்ச்சல். இரண்டு மாதம் கழித்து அந்த வரிகளைப் படித்தால், 3.5 என்ற எல்லை உங்கள் வீட்டுக்குச் சரியா, 4 ஆக்க வேண்டுமா என்பது தெரிந்துவிடும்.