ஹோல்காவுக்கு எந்த பிலிம்?

கேள்வி: அண்ணன் கொடுத்த ஹோல்கா 120என் கேமராவில் எக்டார் 100 கலர் ரோல் போட்டு எடுத்தேன். உச்சிவெயிலில் தெப்பக்குளத்தில் எடுத்த படங்கள் நன்றாக வந்திருக்கின்றன. திண்ணையிலும் வீட்டுக்குள்ளும் எடுத்தவை இருட்டாகிவிட்டன. நாலைந்து படங்களில் சிவப்புக் கோடுகள் வேறு. அடுத்து எந்த பிலிம் வாங்கலாம்? தாத்தாவின் பெட்டியில் பிரிக்காத ‘இந்து’ கறுப்பு-வெள்ளை ரோல் ஒன்று கிடக்கிறது, அதைப் போடலாமா? ஸ்லைடு பிலிம் பற்றியும் சொல்லுங்கள்.
- திருச்சி வாசகர்

பதில்: அடுத்த ரோல் 400 ஐஎஸ்ஓ நெகட்டிவாக இருக்கட்டும் (ஐஎஸ்ஓ என்பது பிலிமின் வேகம்; எண் கூடினால் குறைந்த வெளிச்சமே போதும்). கலர் என்றால் போர்ட்ரா 400, கறுப்பு-வெள்ளை என்றால் எச்.பி.5 பிளஸ் அல்லது டிரை-எக்ஸ். ஏன் 400 என்று தெரிந்துகொண்டால் மற்ற கேள்விகளுக்கும் பாதி பதில் கிடைத்துவிடும்.

1980களின் தொடக்கத்தில் ஹாங்காங்கில் மலிவான குடும்பக் கேமராவாக வந்தது ஹோல்கா. ஷட்டருக்கு ஒரே வேகம்தான், ஏறக்குறைய 1/100 நொடி. அபெர்ச்சர், அதாவது வெளிச்சம் நுழையும் துளை, பேருக்கு இரண்டு: லீவரில் மேகச் சின்னத்துக்கு எஃப்/8, சூரியச் சின்னத்துக்கு எஃப்/11 (எண் சிறியதானால் துளை பெரிது). பழைய மாடல்களில் அந்த லீவரை எந்தப் பக்கம் தள்ளினாலும் உள்ளே எதுவும் மாறாது. ஆக, வெளிச்சத்துக்குத் தகுந்தாற்போல நீங்கள் மாற்றக்கூடியது பிலிமை மட்டும்தான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நல்ல வெயிலில் எஃப்/16, ஷட்டர் வேகம் ஒன்றை ஐஎஸ்ஓ எண்ணால் வகுத்தது என்பது பழைய விதி. 100 பிலிமுக்கு எஃப்/16-ல் 1/100. உங்கள் கேமரா எஃப்/11-ல் 1/100 கொடுக்கிறது, ஒரு ஸ்டாப் அதிகம் (ஒரு ஸ்டாப் கூடினால் வெளிச்சம் இரட்டிப்பு, குறைந்தால் பாதி). அதனால்தான் தெப்பக்குளம் தப்பித்தது. நிழலுக்கு வந்தால் வெளிச்சம் மூன்று, நான்கு ஸ்டாப் இறங்கிவிடும். அங்கே 100 பிலிமுக்குப் போதாது. அதே இடத்தில் 400 போட்டிருந்தால் கிட்டத்தட்ட சரியாக விழுந்திருக்கும். 400-ஐ வெயிலில் எடுத்தால் மூன்று ஸ்டாப் அதிகமாகுமே என்பீர்கள். ஆகட்டும். நெகட்டிவ் பிலிம் அதிக வெளிச்சத்தைத் தாங்கும், குறைந்தால்தான் தாங்காது. அதிக வெளிச்சத்தில் கறுத்துப்போன நெகட்டிவிலிருந்து ஸ்கேனர் படத்தை எடுத்துவிடும். வெறுமையாக இருக்கும் நெகட்டிவில் எடுக்க என்ன இருக்கிறது?

வீட்டுக்குள் 400-ம் போதாது. மேலே பிளாஷ் மாட்டுங்கள், அல்லது லென்ஸுக்கு அடியில் இருக்கும் சின்ன சுவிட்சை ‘பி’ பக்கம் (விசையை அழுத்தியிருக்கும் வரை ஷட்டர் திறந்திருக்கும்) தள்ளி, கேமராவை மேசைமேல் அசையாமல் வைத்து எடுங்கள். வேலை முடிந்ததும் வழக்கமான ‘என்’ பக்கம் திருப்பிவிடுங்கள். அந்த சுவிட்ச் பையில் உரசித் தானாகவே நகரும். படங்கள் காரணமில்லாமல் ஆடியிருந்தால் முதலில் அதைப் பாருங்கள். லென்ஸ் மூடியையும் பாருங்கள். வியூஃபைண்டர் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை என்பதால் மூடியோடு ஒரு ரோல் முழுக்க எடுத்தாலும் தெரியாது.

இனி சிவப்புக் கோடுகள். நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடியுங்கள். பிரிண்டில் சிவப்பாகத் தெரிவது நெகட்டிவில் அடர்ந்த கறையாக இருக்கும். அது படத்தின் சட்டத்தைத் தாண்டி பிலிமின் ஓரம் வரை ஓடினால், கேமரா உடம்பில் எங்கோ வெளிச்சம் நுழைகிறது. சட்டத்தோடு நின்றுவிட்டால் அது லென்ஸில் நேராகச் சூரியன் பட்டதன் விளைவு, கேமராவைக் குறை சொல்ல முடியாது. இரண்டு ஓரங்களும் ரோல் நெடுகக் கறுத்திருந்தால் பிலிம் தளர்வாகச் சுற்றியிருக்கிறது. இது ஹோல்காவில் அடிக்கடி நடக்கும். ரோல் உட்காரும் குழியில், சுருளுக்கு அடியில் மடித்த அட்டைத் துண்டு ஒன்றைச் செருகினால் இறுக்கமாகச் சுற்றும். எடுத்து முடித்த ரோலை வெயிலில் நின்று கழற்றாதீர்கள்.

உடம்பில்தான் ஓட்டை என்றால் எலக்ட்ரிக்கல் கடையில் கறுப்பு இன்சுலேஷன் டேப் வாங்குங்கள். பின்மூடி சேரும் விளிம்பு முழுக்க ஒட்டுங்கள். பக்கத்து கிளிப்புகள் மேலும் ஒட்டுங்கள்; வார் இழுபட்டால் அவை நழுவி, மூடியே திறந்துகொள்ளும். பின்னாலிருக்கும் சிவப்பு ஜன்னலுக்கு ஒரு துண்டு, பிலிம் சுற்றும்போது மட்டும் தூக்கினால் போதும். கோடுகள் பிடித்திருந்தால் ஒட்டாமலே விடுங்கள். அதற்காகவே ஹோல்கா வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பிலிமைச் சோதிக்கும்போது கசிவு இருந்தால், எது பிலிமின் குணம், எது ஓட்டையின் குணம் என்று பிரிக்கவே முடியாது. முதலில் அடையுங்கள், பிறகு வேண்டுமானால் டேப்பை எடுத்துவிடலாம்.

தாத்தாவின் ரோல் பற்றி. உதகையில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்தது இந்து. அந்த ஆலை மூடிப் பல வருடமாகிறது. பழைய கலர் பிலிமைவிடப் பழைய கறுப்பு-வெள்ளை நன்றாகவே தாக்குப்பிடிக்கும். என்றாலும் எத்தனையோ கோடைகளைப் பெட்டிக்குள் கழித்த ரோல் வேகம் குறைந்து, மூட்டம் படிந்திருக்கும். பத்து வருடத்துக்கு ஒரு ஸ்டாப் கூடக் கொடு என்பது பொதுவான கணக்கு. எனவே உச்சிவெயிலில் மட்டும் போடுங்கள். 120 ரோலாக (ஹோல்காவில் போடும், பின்காகிதத்தோடு சுருட்டிய அகலமான பிலிம்) இருந்தால் பின்காகிதத்தின் எண்கள் படத்திலும் பதிந்திருக்கலாம், பிலிமைக் காகிதத்தோடு பிடித்திருக்கும் ஒட்டு காய்ந்துபோயிருக்கலாம். முக்கியமான எதையும் அதில் எடுக்காதீர்கள். ஏற்கெனவே தாத்தா எடுத்து முடித்த ரோலா என்றும் பாருங்கள். முனையில் எடுத்து முடித்ததாக ஒட்டு ஒட்டியிருந்தால் கேமராவில் போடாமல் நேராகக் கழுவக் கொடுங்கள்!

ஸ்லைடு, அதாவது நெகட்டிவாக இல்லாமல் நேராகவே நிறப் படமாக வரும் பிலிம், இப்போதைக்கு வேண்டாம். ஒரு ஸ்டாப் பிசகினாலே வெளுத்துவிடும், இந்தக் கேமராவில் பிசகைத் திருத்த வழியில்லை. ஸ்லைடை கலர் நெகட்டிவ் ரசாயனத்தில் கழுவினால் நிறங்கள் பச்சைக்கோ மஞ்சளுக்கோ ஓடி, கான்ட்ராஸ்ட் ஏறிவிடும். அந்த விளையாட்டுக்கு ஹோல்கா பொருத்தம்தான். கழுவுகிற லேப்பிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

லேப் விஷயத்தில் இன்னும் இரண்டு. ரோல் வாங்குமுன் ‘120 கழுவுவீர்களா’ என்று கேளுங்கள், 35 எம்.எம். மட்டும் செய்கிற கடைகள் நிறைய. கலர் மட்டும்தான் கழுவுவோம் என்றால் இல்ஃபோர்டின் எக்ஸ்.பி.2 சூப்பர் வாங்குங்கள். கறுப்பு-வெள்ளைதான், ஆனால் கலர் ரசாயனத்திலேயே கழுவலாம். சினிமா பிலிமை வெட்டிச் சுருட்டி விற்கும் ரோல்கள் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றில் பலவற்றின் முதுகில் கரிப்பூச்சு இருக்கும். அதை அகற்றாமல் சாதாரண கலர் மெஷினில் விட்டால் ரசாயனமும் கெடும், கூடவே ஓடும் அடுத்தவர் படங்களும் கெடும். சொல்லாமல் கொடுத்துவிடாதீர்கள்.