துண்டாக நிற்கும் இமாசலம்: வரைபடம் தப்பில்லை

வணக்கம். பழைய வரைபடத்தில் இமாசலப் பிரதேசம் இரண்டு துண்டாக இருக்கிறது, அச்சுப் பிழையா, எந்த ஆண்டுப் படம் என்று கேட்டிருந்தீர்கள். பிழையே இல்லை. 1948 ஏப்ரல் 15-இல் சுமார் முப்பது மலைச் சமஸ்தானங்களைச் சேர்த்து அதை உருவாக்கினார்கள். இடையில் கிடந்த காங்ரா பஞ்சாபில் இருந்ததால் சம்பா தனியாக ஒதுங்கிவிட்டது. சிம்லா நகரமும் அப்போது பஞ்சாப்தான்! சம்பா மலைகளுக்கு நடுவே இருக்கும் டல்ஹௌசிகூட பஞ்சாபின் குர்தாஸ்பூர் மாவட்டம். அது ஒரு சின்னப் புள்ளியாகத்தான் தெரியும், பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

சரி, ஆண்டுக்கு வருவோம். முதலில் பிலாஸ்பூரைப் பாருங்கள். தனி நிறத்தில் இருந்தால் 1954 ஜூலைக்கு முந்தைய படம். அந்த மாதம் 1-ஆம் தேதிதான் அது இமாசலத்தோடு இணைந்தது. சேர்ந்திருந்தால் பக்கத்தில் 'பெப்சு' என்ற மாநிலம் இருக்கிறதா என்று தேடுங்கள். அது 1956 நவம்பரில் பஞ்சாபோடு கலந்துவிட்டது.

எப்படிப் பார்த்தாலும் 1966 நவம்பர் 1-ஐத் தாண்டாது. அன்றுதான் காங்ரா, குலு, லாஹௌல்-ஸ்பிதி, சிம்லா எல்லாம் வந்து சேர்ந்து துண்டுகள் ஒட்டின. மாநில அந்தஸ்து அதற்கும் அப்புறம், 1971 ஜனவரி 25-இல்தான். படத்தில் 'மாநிலம்' என்று போட்டிருக்கிறதா என்று தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.