எண்ணெய்க்குத்தானே என்று ஒதுக்கிய கடலை

அன்புள்ள ஆசிரியருக்கு,

ரீஃபைண்ட் எண்ணெயால் புற்றுநோய் வரும் என்று பலரும் சொல்வதால், மூன்று வருடமாகச் சொந்த நிலத்து மல்லாட்டையை (வேர்க்கடலையை) மரச்செக்கில் ஆட்டிக்கொள்கிறோம். இந்த முறை பறிக்கும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. நல்ல பருப்பைச் சட்னிக்கும் வறுக்கவும் எடுத்து வைத்தோம். சுருங்கியது, கறுத்தது, லேசாகப் பூசணம் பிடித்தது என்று ஆறு கிலோ தனியாகக் கிடக்கிறது. "கழுவிக் காயவைத்து எண்ணெய்க்குப் போடு, ஆட்டினால் எல்லாம் போய்விடும்" என்கிறார் மாமியார். போடலாமா? மற்றபடி வீட்டில் யாருக்கும் கெட்ட பழக்கம் இல்லை. என் வீட்டுக்காரர் மட்டும் வார இறுதியில் கொஞ்சம் குடிப்பார். இரண்டு பிள்ளைகள் இருப்பதால் பயமாக இருக்கிறது.

செல்வி, செய்யாறு

அன்புள்ள செல்வி,

போடாதீர்கள். உங்கள் மொத்த விளைச்சலில் இருந்த நஞ்சில் பெரும்பகுதி இப்போது அந்த ஆறு கிலோவில்தான் இருக்கிறது. பொறுக்கி ஒதுக்கியது மிகச் சரி. அதை எண்ணெயாக்கினால், ஒதுக்கியதெல்லாம் வேறு வழியாகத் தட்டுக்கே திரும்பி வரும்.

அந்தப் பூசணத்தின் பெயர் அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ். அது சுரக்கும் நஞ்சு அஃப்ளடாக்சின். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தபோது, பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் இதைக் கண்டுபிடித்தார்கள். 1974இல் ராஜஸ்தான், குஜராத் பழங்குடிக் கிராமங்களில் மழையில் நனைந்த மக்காச்சோளத்தைத் தின்று நூறு பேருக்கு மேல் ஈரல் கெட்டு இறந்தார்கள். அது ஒரேயடியாக உள்ளே போனதன் விளைவு. கொஞ்சம் கொஞ்சமாகப் பல வருடம் போனால் ஈரல் புற்றுநோய்க்கு வழி செய்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1987இலேயே இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருள்களின் பட்டியலில் வைத்துவிட்டது.

கழுவினால் மேலே தெரியும் பூசணம் போகும். நஞ்சு பருப்புக்குள் ஊறியிருக்கிறது, அது போகாது. ஈரம் பட்டதால் பூசணம் இன்னும் வளரும். வறுத்தால் ஓரளவு குறையும், அவ்வளவுதான். இந்த நஞ்சு முழுக்கச் சிதைய 230 டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும், அந்தச் சூட்டில் கடலை கருகிவிடும். கடலைக்கு இந்திய வரம்பு கிலோவுக்கு 15 மைக்ரோகிராம், நேரடியாகத் தின்பதற்கு விற்பதென்றால் 10. ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. முற்றிலும் கெட்ட ஒரே ஒரு பருப்பு, பல கிலோ நல்ல பருப்பை இந்த வரம்பைத் தாண்ட வைத்துவிடும். அதனால்தான் கையால் பொறுக்குவதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

செக்கில் ஆட்டும்போது நஞ்சில் பெரும்பங்கு புண்ணாக்கில் தங்கும். மீதி எண்ணெயிலும் அதன் கசட்டிலும் வரும். புண்ணாக்கைப் பசு தின்றால், அதிலுள்ள நஞ்சில் ஏறக்குறைய 1 முதல் 6 சதவீதம் உருமாறிப் பாலில் இறங்குகிறது. 2018இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. 368 மாதிரிகளில் இது வரம்பை மீறியிருந்தது. எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் முதலிடம்: 551இல் 88. பிள்ளைகளுக்குப் பால் கொடுக்கும் எல்லோருக்குமான கணக்கு இது.

ரீஃபைண்ட் எண்ணெய் பற்றி நீங்கள் கேள்விப்பட்டதற்கு ஆதாரம் இல்லை. சுத்திகரிக்கும்போது சேர்க்கும் காஸ்டிக் சோடா இந்த நஞ்சை ஏறக்குறைய முழுதாக நீக்கிவிடுகிறது. செக்கில் அப்படி ஒரு படி கிடையாது; உள்ளே போடும் பருப்பின் தரம்தான் ஒரே பாதுகாப்பு. நல்ல பருப்பை மட்டும் ஆட்டுவதென்றால் செக்கெண்ணெயைத் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டரை கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் வரும். ஆட்டியதைத் தெளியவிட்டு, கசட்டை நீக்கி, நிறமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் ஒரு மணி நேரம் நல்ல வெயிலில் வையுங்கள். வெளிச்சம் இந்த நஞ்சைச் சிதைக்கும். எவர்சில்வர் தூக்கில் வைத்தால் பயன் இல்லை. கெட்ட பருப்பை ஆட்டிவிட்டு வெயிலை நம்பவும் கூடாது.

அடுத்த போகத்துக்கு: காய் முற்றும் கடைசி ஒரு மாதம் நிலம் காய்ந்து வெடிக்க விடாதீர்கள், பூசணம் மண்ணுக்குள்ளேயே ஏறுவது அப்போதுதான். கொத்துப்பட்ட காயைத் தனியாக வையுங்கள். பிடுங்கிய செடியைக் காய் மேலே பார்த்தபடி கவிழ்த்துப் போடுங்கள். ஈரக் காயை ஓர் இரவுகூடக் குவித்து வைக்காதீர்கள், குவியலின் நடுவில் சூடேறும். காயைக் குலுக்கினால் உள்ளே பருப்பு கடகடவென்று சத்தம் கொடுக்க வேண்டும். ஈரம் எட்டு சதவீதத்துக்குக் கீழே வந்தபின் சணல் சாக்கில், தரையில் படாமல் பலகை மேல் அடுக்குங்கள். காயாகவே வைத்திருந்து தேவைக்கு உடைப்பது நல்லது. உடைப்பு மெஷினில் பருப்பு நொறுங்காமலிருக்கக் காயின்மேல் தண்ணீர் தெளிப்பார்கள். வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். கால்வாசி நொறுங்கினாலும் பரவாயில்லை.

உங்கள் கடிதத்தில் ஒரே வரியில் கடந்துபோன விஷயம் ஒன்று இருக்கிறது. வார இறுதியில் கொஞ்சம் குடிப்பதும் புற்றுநோய்க் கணக்கில்தான் சேரும். வாய், தொண்டை, உணவுக்குழாய், ஈரல், பெருங்குடல் என்று பல இடங்களில் மது புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டுகிறது. பாதிப்பே இல்லாத அளவு என்று ஒன்று கிடையாது. எந்த எண்ணெய் என்ற கேள்வியைவிட இது எவ்வளவோ பெரியது. அவரிடம் இந்தப் பத்தியைக் காட்டுங்கள்.

இன்னொன்றும் செய்யுங்கள். பெரியவர்கள் எல்லோரும், ஈரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி கிருமிக்கான ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அந்தக் கிருமியும் அஃப்ளடாக்சினும் ஒரே உடலில் சேர்ந்தால் ஆபத்து பெருக்கலாக ஏறும். ஷாங்காயில் 18,000க்கும் மேற்பட்ட ஆண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், இரண்டும் இல்லாதவர்களைவிட இரண்டும் இருந்தவர்களுக்கு ஈரல் புற்றுநோய் வாய்ப்பு ஏறக்குறைய 60 மடங்கு. கிருமி இல்லையென்றால் மூன்று தவணைத் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம். பிள்ளைகளுக்குப் பிறந்தபோதும் 6, 10, 14 வாரங்களிலும் போட்டிருக்க வேண்டும், அட்டையைப் பாருங்கள்.

அந்த ஆறு கிலோவை ஆட்டுக்கும் கோழிக்கும்கூடப் போடாதீர்கள். மூக்கில் துணி கட்டிக்கொண்டு, கோழி கிளற முடியாத ஆழத்தில் குழி வெட்டிப் புதைத்துவிடுங்கள்.