புல்தரை பாய் மாதிரி உரிஞ்சு வருதுன்னா தண்ணி குறை இல்லைங்க, வேர்ப்புழு

தண்ணியை இன்னும் கூட்டாதீங்க. நாலு மாசமா ஊத்தியும் புல் திட்டுத்திட்டாக் காயுது, இழுத்தா கையோட வருதுன்னு எழுதியிருக்கீங்க. அடியில வேரைப் புழு தின்னுருச்சு, அதான் பிடிப்பு இல்லை.

காய்ஞ்ச திட்டோட ஓரத்துல, பச்சை இன்னும் மிச்சமிருக்கிற இடத்துல, ஒரு அடிக்கு ஒரு அடி வெட்டி அரையடி ஆழம் தோண்டுங்க. பழுப்புத் தலையோட, அரை வட்டமாச் சுருண்ட வெள்ளைப் புழு அஞ்சாறுக்கு மேல கிடைச்சா அதுதான். மைனா வந்து அங்கேயே கொத்திட்டிருந்தா அதுவும் ஒரு அடையாளம்.

மக்காத சாணி போட்டீங்களா? பெரும்பாலும் அதுலதான் ஆரம்பிக்குது.

புழுவைக் கொல்ற மெட்டாரைசியம் பூஞ்சையை நல்லா மக்கின தொழுவுரத்துல கலந்து, சாயங்காலம் ஈர மண்ணுல தூவுங்க. கோவை வேளாண் பல்கலைக்கழகத்துல கேட்டுப் பாருங்க. கூடவே பூஞ்சைக்கொல்லி மட்டும் தெளிச்சிராதீங்க, இந்தப் பூஞ்சையும் செத்துரும். பலன் தெரிய சில வாரம் ஆகும். முத்தின புழு சட்டுனு சாகாது.

சித்திரையில கோடை மழை பெஞ்ச அன்னைக்கு இருட்டினதும் வாசல் வேம்பையும் முருங்கையையும் உலுக்குங்க. விழற வண்டோட குஞ்சுதான் இந்தப் புழு, அந்த வண்டை மண்ணெண்ணெய் கலந்த தண்ணில போடுங்க. முட்டை வைக்கிறதுக்கு முன்னாடி பிடிக்கிறதுதான் முக்கியம்ங்க.